தொண்ணூற்றொன்பது சதுர அடி

டெய்லரம்மாவின் வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஓர் அறை இருப்பதை வரி அலுவலகம் கண்டுபிடித்துவிட்டது. தொண்ணூற்றொன்பது சதுர அடி. இருபத்தொரு வருடமாக அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கி, தவறி விழுந்த ஊசியைத் தேடி மூலைமுடுக்கெல்லாம் தவழ்ந்தவள் அவள். அவள் கண்ணில் ஒருநாளும் படாத அறை, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தவர்களின் கண்ணில் பட்டிருக்கிறது. கெட்டிக்காரர்கள்தான்.

நோட்டீசை அவள் கையில் கொடுத்திருந்தால்கூடப் போகிறது என்று விட்டிருப்பாள். தைத்து முடித்த சீருடைகளை ஆஸ்பத்திரியில் கொடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து வந்து, வாசல் சுவரில் பசை தடவி ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அவள் திரும்பி வருவதற்குள் தெருவில் எழுத்துக்கூட்டத் தெரிந்த அத்தனை பேரும் படித்தாகிவிட்டது. தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் படித்துக் காட்டியும் ஆகிவிட்டது.

விஷயம் இதுதான். அந்த வருடம் வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லோரும் தங்கள் வீட்டைத் தாங்களே அளந்து படிவம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. டெய்லரம்மா தன் டேப்பாலேயே அறை அறையாக அளந்து, நானூற்று எண்பத்திரண்டு சதுர அடி என்று எழுதிக் கொடுத்திருந்தாள். ஐந்நூறுக்குள் இருந்தால் சின்ன வீட்டு வரி. பிறகு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து சரிபார்ப்புக்காக அளந்துவிட்டுப் போனார். அவர் கணக்கில் வீடு ஐந்நூற்று எண்பத்தொன்று. ஆகவே, நோட்டீஸ் சொன்னது, உரிமையாளர் தொண்ணூற்றொன்பது சதுர அடிக் கட்டுமானத்தை மறைத்துள்ளார். பெரிய வீட்டு வரியும் அதற்கு மேல் அபராதமும் கட்ட வேண்டும். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளைக்குள் தெரிவிக்கலாம்.

வரி ஏறியது அவளுக்கு வலிக்காமல் இல்லை. ஆனால் அவளை ஆழமாகத் தைத்தது "மறைத்துள்ளார்" என்ற ஒரு சொல்தான். டெய்லருக்கு வேறு என்ன சொத்து இருக்கிறது? அவள் சொல்லும் அளவை ஊர் நம்புகிறது, அதனால் துணியைக் கொண்டுவந்து கொடுக்கிறது. நோட்டீஸ் ஒட்டிய நான்காம் நாள், பதினோரு வருடமாக அவளிடம் தைக்கும் நர்ஸ் ஒருத்தி, இடுப்பளவு எடுத்து முடித்ததும், இன்னொரு தடவை பார்த்துவிடுங்களேன் அக்கா என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆஸ்பத்திரி ஸ்டோர் பொறுப்பாளரோ, அடுத்த வருடச் சீருடை ஆர்டரைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று இழுத்தார். இழுப்பு எதற்கென்று அவளுக்குப் புரிந்தது. அன்று பகல் முழுக்க அவளால் ஒரு காலரைக்கூட ஒழுங்காகத் திருப்ப முடியவில்லை.

அவள் கணவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். தெருவுக்கே அவர் டிரைவர். வண்டியின் முன்னால் மாடு வந்தாலும் அது போகட்டும் என்று காத்திருப்பவர். கட்டித் தொலைத்துவிடுவோம், ஆபீஸ்காரர்களோடு நமக்கு என்ன மல்லுக்கட்டு என்றார். மிச்சம் பிடித்தால் சமாளித்துவிடலாம் என்று கணக்கும் சொன்னார்.

"கட்டினா என்ன அர்த்தம் தெரியுமாங்க? ஆமா, மறைச்சேன்னு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற மாதிரி. அப்புறம் எவ என்கிட்ட துணி கொடுப்பா?"

எதிர் வீட்டில் இருக்கும் டிரைவரின் தங்கை, அதாவது டெய்லரம்மாவின் நாத்தனார், கையில் டார்ச் விளக்கோடு வந்து கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் அந்த அறையைத் தேடினாள். கிடைத்தால் தன் வீட்டுக்காரரை அங்கே குடிவைத்துவிடலாமே, அண்ணி, நிம்மதியாக இருக்குமே என்றாள். டெய்லரம்மா அந்த வாரத்தில் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

மறுநாள் மனு எழுதி எடுத்துக்கொண்டு வரி அலுவலகத்துக்குப் போனாள். தூரமில்லை. தெருக்கோடியிலேயே, ஆறு வருடத்துக்கு முன் கட்டிய மஞ்சள் கட்டடம். அங்கே மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு மேசை முழுக்க அதையே தேடிக்கொண்டிருந்த கிளார்க், மனுவை வாங்கிப் படித்தார். இது பெரிய அநியாயம் என்று அவள் நான்கு இடத்தில் எழுதியிருந்தாள்.

"அநியாயம்கிறதுக்கு இந்த ஃபாரத்துல கட்டம் இல்லைம்மா" என்றார் அவர்.

திட்டுகிறாரோ என்று பார்த்தாள். இல்லை, நல்ல மனிதர், நிஜத்தைச் சொல்கிறார். வரி அதிகம் என்று அழுதால் இங்கே ஒருவரும் காது கொடுக்க மாட்டார்கள், பதிவில் உள்ள எந்த விவரம் தப்பு, அதற்கு என்ன ஆதாரம், இந்த இரண்டைத்தான் கேட்பார்கள் என்று விளக்கினார். எந்த விவரம் தப்பென்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். ஒவ்வொரு வீட்டுக்கும் அளவுத் தாள் என்று ஒன்று உண்டு, அறைவாரியாக எல்லாம் அதில் இருக்கும், சொந்தக்காரர் கேட்டால் நகல் கொடுத்தே தீரவேண்டும் என்றார். இத்தனை வருடத்தில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்றதற்கு, நீங்கள்தான் போணி என்றார்.

நகல் வந்தது. துணி வெட்டும் மேசையில் அதை விரித்து, பக்கத்தில் தன் அளவுகளை வைத்துக்கொண்டாள். முதலில் அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம். கடையில் புது டேப் வாங்கிவந்து வீடு முழுக்க மறுபடி அளந்தாள். டிரைவர் நாற்காலிகளை நகர்த்திக் கொடுத்தபடி, பழக்க தோஷத்தில் இரண்டு இஞ்ச் லூஸ் விட்டு அளந்திருப்பாய் என்று மெல்லச் சொன்னார். லூஸ் விடுவது உடம்புக்குத்தான், சுவர் என்ன சாப்பிட்டுப் பெருக்கவா போகிறது என்று ஒரு வாங்கு வாங்கினாள்.

அளவு மாறவில்லை. முன்னறை அவளுக்குப் பன்னிரண்டுக்குப் பத்து; தாளில் பதின்மூன்றுக்குப் பதினொன்று. கூடம் பதினான்குக்குப் பதினொன்று. தாளில் பதினைந்துக்குப் பன்னிரண்டு. சமையலறை எட்டுக்கு ஏழு. தாளில் ஒன்பதுக்கு எட்டு. படுக்கையறை பன்னிரண்டுக்குப் பதினொன்று. தாளில் பதின்மூன்றுக்குப் பன்னிரண்டு. குளியலறையைப் பார்த்தபோது அவள் விரல் நின்றுவிட்டது. ஐந்துக்கு நான்கு உள்ள அந்தப் பொந்து, தாளில் ஆறுக்கு ஐந்து. பெரிய கூடத்திலும் ஓர் அடி கூடுதல், ஒருவர் திரும்பினால் முழங்கை இடிக்கும் குளியலறையிலும் அதே ஓர் அடி கூடுதல்.

கை தவறி அளப்பவன் ஓர் இடத்தில் கூட்டுவான், ஓர் இடத்தில் குறைப்பான். வேண்டுமென்றே ஏமாற்றுபவன் பெரிய அறையில் நிறையச் சேர்ப்பான், குளியலறையை விட்டுவிடுவான். எல்லா இடத்திலும் ஒரே அளவாக ஓர் அடி ஏறுகிறதென்றால் அது மனிதன் செய்கிற தப்பே இல்லை. அவளுக்கு அந்தத் தப்பைத் தெரியும். தொழில் பழகிய காலத்தில் அவளுடைய டேப்பின் பித்தளை நுனி கழன்று, நூல் பிரிந்து தொங்கியது. அசிங்கமாக இருக்கிறதே என்று முதல் இஞ்சைக் கத்தரியால் நறுக்கி எறிந்துவிட்டு, அதனாலேயே ஒரு வாரம் அளவெடுத்தாள். துணி வெட்டியது மேசையில் இருந்த நல்ல டேப்பால். அந்த வாரம் தைத்த ஏழு சட்டைகளிலும் எல்லாம் ஓர் இஞ்ச் கூடுதல். கழுத்துக்குள் இன்னொரு கழுத்து நுழையும். குட்டையனுக்கும் ஓர் இஞ்ச்தான், நெட்டையனுக்கும் ஓர் இஞ்ச்தான்.

அளக்க வந்தவரின் டேப்பில் முதல் அடி இல்லை. அவ்வளவுதான்.

அளந்த அன்று நுனியை யார் பிடித்தது என்று கணவரைக் கேட்டாள். டிரைவர் வாய்க்குள்ளேயே மென்றார். அளக்க வந்தவர் தனியாகத்தான் வந்திருந்தார், நுனியைச் சுவரோடு சேர்த்துப் பிடியுங்கள் சார் என்று கேட்டார், சார் என்று வேறு கூப்பிட்டாரே என்று தானே அறை அறையாகப் போய்ப் பிடித்ததாக ஒப்புக்கொண்டார். நுனி எப்படி இருந்தது? கொக்கி ஒன்றும் இல்லை, எலெக்ட்ரீஷியன் ஒட்டுகிற கறுப்பு டேப்பைச் சுற்றியிருந்தது, கையைக் கிழிக்காமல் இருக்கச் சுற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தாராம்.

"அப்போ அந்த ரூமை ஊருக்குத் தெரியாம கட்டினது நீங்கதானா?" என்றாள் டெய்லரம்மா.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குக் கோபம் வரவில்லை. அதற்கப்புறம் கட்டித் தொலைத்துவிடுவோம் என்ற பேச்சு அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

இருவருமாக மறுபடி அலுவலகம் போய், தெருவுக்கான அளவுப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார்கள். அதே நாளில் அதே ஆள் அளந்த வீடுகள் இன்னும் நான்கு இருந்தன. கடைசியாக, தெருவை முழுசாக முடிக்க வேண்டுமே என்று, இந்த அலுவலகக் கட்டடத்தையும் அளந்து எழுதியிருந்தார்கள். அலுவலகத்துக்கு ஏது வரி என்று அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு, நான்கு வீட்டு அளவுகளை மட்டும் எழுதிக்கொண்டாள். நான்கு வீட்டுக் கதவையும் தட்டினாள். நோட்டீசைச் சத்தமாகப் படித்துக் காட்டிய மகராசியின் வீடும் அதில் ஒன்று. அந்த அம்மாள் அசடு வழிய வழிவிட்டாள். பத்தொன்பது அறைகள், பத்தொன்பதிலும் நீளத்தில் ஓர் அடி, அகலத்தில் ஓர் அடி. வரி வகுப்பு மாறாததால் அவர்கள் யாரும் கவனிக்கவில்லை. இருபத்தேழாம் நாள் புதிதாக எழுதிய மனுவைக் கொடுத்து முத்திரை வாங்கினாள்.

விசாரணை ஆறு வாரம் கழித்து, அதே மஞ்சள் கட்டடத்தின் கூட்ட அறையில் நடந்தது. மேல்முறையீட்டு அதிகாரி நரைத்த தலையுள்ள ஓர் அம்மாள்; அதிகம் பேசாதவர், ஆனால் எதிரில் இருப்பவர் பேசும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பவர். மேசைக்கு ஒரு பக்கம் டெய்லரம்மாவும் டிரைவரும். மறுபக்கம் அளக்க வந்தவர், மடியில் தோல்பையோடு. கதவோரம் பதிவேடுகளோடு கிளார்க்.

அளக்க வந்தவர் சுருக்கமாகச் சொன்னார். அலுவலகம் அளப்பது இரும்பு டேப்பால், இந்த அம்மாள் அளந்தது துணி டேப்பால், துணி டேப் இழுத்தால் நீளும் என்று யாருக்கும் தெரியும்.

"துணி டேப் நீண்டிருந்தா பெரிய ரூம்ல நிறையத் தப்பும், சின்ன ரூம்ல கொஞ்சமாத் தப்பும் மேடம். இங்க கூடத்துலயும் ஒரு அடி, குளிக்கிற இடத்துலயும் ஒரு அடி. அவரோட டேப்புல முதல் அடி உடைஞ்சு போயிருக்கு. எடுக்கச் சொல்லுங்க, பார்த்துடலாம்."

அதிகாரி அவரைப் பார்த்தார். அவர் பையைத் திறந்து டேப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். புத்தம்புதுசு. கொக்கி பளபளவென்று இருந்தது. முதல் அடி, முதல் இஞ்ச், முதல் கோடுகூட அப்பழுக்கில்லாமல் இருந்தது.

பழைய டேப் எங்கே என்று கேட்டாள் டெய்லரம்மா. பழசுகளை எல்லாம் ஸ்டோரில் ஒப்படைத்தாகிவிட்டது, அவை கழிவில் போயிருக்கும் என்றார். டிரைவர் எழுந்து, தான் பிடித்த நுனியைப் பற்றிச் சொன்னார். நீங்கள் அவருடைய கணவர், அதை மட்டும் ஆதாரமாக எடுக்க முடியாது என்றார் அதிகாரி, கடுமையில்லாமல். மற்ற வீட்டு அளவுகளும் இந்த அம்மாள் எடுத்தவைதானே என்று அளக்க வந்தவர் சேர்த்துக்கொண்டார். அதிகாரி பேனாவை எடுத்து மூடியைத் திருகினார்.

எழுதிவிட்டால் முடிந்தது. இனி ஆயுசுக்கும் அவள் வாய் திறந்து ஓர் அளவு சொன்னால் எதிரில் இருப்பவர் ஒரு கணம் யோசிப்பார். அந்த ஒரு கணத்தை நினைத்ததும் டெய்லரம்மாவுக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது. தன் டேப் வேண்டாம், டிரைவரின் சாட்சியும் வேண்டாம். இவர்கள் அளவைக்கொண்டே இவர்களை மடக்க வழியில்லையா? கண் கிளார்க்கின் கையில் இருந்த பதிவேட்டுக்குப் போனது. அன்றைக்கு வேண்டாம் என்று தள்ளிய பக்கம் ஞாபகம் வந்தது. எழுந்து போய் அவரிடமிருந்து அதை வாங்கி, கடைசி ஏட்டைப் பிரித்து அதிகாரியின் முன்னால் வைத்தாள்.

"மேடம், எங்க வீட்டை அளந்த அன்னிக்கேதான் இவர் இந்த ரூமையும் அளந்திருக்கார். இருபத்தொண்ணுக்குப் பதினஞ்சுன்னு அவர் கையெழுத்துலயே இருக்கு. இப்போ அவரோட புது டேப்பாலயே இதை அளக்கச் சொல்லுங்க. என் டேப்பை நான் வெளியிலயே எடுக்கலை."

அளக்க வந்தவர் எழுந்திருக்க நேரமெடுத்துக்கொண்டார். நுனியைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று அவர் சுற்றுமுற்றும் பார்க்க, டிரைவர் முன்னால் போனார். கொக்கியைக் கண்ணருகே தூக்கி வைத்து, பூஜ்யம் இருக்கிறதா என்று பார்த்து, அதிகாரிக்கும் காட்டிவிட்டுத்தான் சுவரில் வைத்தார். மறுமுனைக்கு அதிகாரியே நடந்து போய்க் குனிந்து படித்தார்.

இருபது.

அகலத்துக்குத் திரும்பினார்கள். பதினான்கு.

"அப்போ உங்க ஆபீஸும் முப்பத்தஞ்சு சதுர அடியை மறைச்சிருக்கு மேடம்" என்றாள் டெய்லரம்மா.

முதலில் சிரித்தது கிளார்க். சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்தார், நடக்கவில்லை. அதிகாரி சிரிக்கவில்லை; உதட்டை மட்டும் கடித்துக்கொண்டு அளக்க வந்தவரைப் பார்த்தார். அந்த மனிதர் அதற்கு மேல் பூசி மெழுகவில்லை. அந்த வருட ஆரம்பத்தில் ஓர் இரும்பு கேட்டில் மாட்டி டேப்பின் முதல் அடி ஒடிந்துவிட்டதென்றும், புதிது கேட்டு மூன்று தடவை எழுதியும் வரவில்லை என்றும், அதுவரை ஓர் அடியைக் கழித்துக் கழித்து எழுதிவந்ததாகவும் சொன்னார். அந்தத் தெருவுக்கு வந்த அன்று காய்ச்சலாம். கழிக்க மறந்துபோனாராம். டெய்லரம்மாவுக்கு அவர்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது. ஆனால் கொஞ்சம்தான், பத்து வாரம் அவள் தலை குனிந்து நடந்ததற்கு முன்னால் ஒருநாள் காய்ச்சல் எந்த மூலைக்கு?

அதிகாரி உத்தரவை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். நானூற்று எண்பத்திரண்டு ஏற்கப்படுகிறது, சின்ன வீட்டு வரியே தொடரும், அபராதம் ரத்து, அந்த டேப்பால் அளந்த வீடுகள் அத்தனையும் அலுவலகச் செலவில் மறுபடி அளக்கப்படும். முடித்துவிட்டு, நீங்கள் போகலாம் என்றார். டிரைவர் எழுந்து கும்பிட்டார். டெய்லரம்மா எழுந்திருக்கவில்லை.

"வரி குறைஞ்சது எனக்குத் தெரியும் மேடம். நான் மறைக்கலைங்கிறது ஊருக்கு எப்படித் தெரியும்? மறைச்சேன்னு எழுதினீங்க. மறைக்கலைன்னும் எழுதுங்க."

அபராதம் ரத்து என்றாலே அதுதான் பொருள் என்றார் அதிகாரி. அது படித்தவர்களுக்கு, மேடம், எங்கள் தெரு ஒரு சொல்லைத்தான் படித்தது என்றாள் அவள். அதிகாரி மூடிய பேனாவைத் திறந்து இன்னும் இரண்டு வரி எழுதி, தாளை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். உரிமையாளர் எதையும் மறைக்கவில்லை. அவர் கொடுத்த அளவு சரி, அலுவலகத்தின் அளவு தவறு. இதன் நகல் ஒன்று அவர் வீட்டு வாசலில் ஒட்டப்பட வேண்டும் என்று அதற்கும் கீழே சேர்த்திருந்தார். எழுத்து எழுத்தாகப் படித்தாள் டெய்லரம்மா. கடைசி வரி வரும்போது கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. அழுகையை அவள் அடக்கவும் இல்லை. ஜெயித்தவள் அழுதால் என்ன குறைந்துவிடும்?

உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தாவில் அடுத்தடுத்த விசாரணைக்காக ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள், ஆளுக்கொரு நோட்டீசோடு. கதவு திறந்தே இருந்ததால் உள்ளே நடந்தது ஒன்று விடாமல் அவர்கள் காதில் விழுந்திருந்தது. கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. அதில் வயதான தச்சர் ஒருவர் முன்னால் வந்தார். வேறு தெருக்காரர், அவளுக்கு முன்பின் தெரியாதவர். மடித்து மடித்து நைந்துபோன நோட்டீசைப் பிரித்து நீட்டினார்.

"அம்மா, இவங்க அளவு என்னவோ இருக்கட்டும். நீங்க ஒரு தடவை வந்து எங்க வீட்டை அளந்து சொல்லுங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

மரத்தையும் மூலைமட்டத்தையும் கையில் வைத்தே காலம் தள்ளிய மனிதர் அப்படிச் சொன்னார். டெய்லரம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இதைத்தான் பத்து வாரமாக அவள் கேட்க ஏங்கியிருந்தாள். முதலில் உள்ளே போய் அளவுத் தாளின் நகலை வாங்கிக்கொள்ளச் சொன்னாள். மற்றவர்களும் ஓடிப்போய் வரிசையில் நின்றார்கள். போணி என்று சொன்ன கிளார்க்குக்கு அன்று மூச்சுவிட நேரமில்லை. எப்போது வருவீர்கள் என்று தச்சர் கேட்டார். இப்போதே வருகிறேன் என்று சொல்லிவிட்டு, டெய்லரம்மா பையிலிருந்து டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.